அத்தை ஆற்காட்டைப் பார்க்கப் போன நாள்

அத்தை கடையிலிருந்து வந்து கதவைத் தள்ளினாலே புதுத் துணியின் கஞ்சி வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிடும். கொஞ்ச நேரத்தில், அவள் முட்டியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் நெடி அதை விரட்டிவிடும். சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டியிருந்த எங்கள் வீடு ஒரே அறை என்பதால் எந்த வாசனையும் எல்லோருக்கும் பொதுதான். மல்லிகா அத்தை அப்பாவின் தங்கை. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையின் சேலைப் பிரிவில் நின்றாள். வேலை செய்தாள் என்பதைவிட நின்றாள் என்பதே சரி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது.

நான் நான்காவது முடித்த கோடை விடுமுறையில் அவளுக்கு ஆற்காட்டிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை முருகேசன் தன் அம்மாவோடு சேர்ந்து கொஞ்சம் நிலத்தில் கத்தரி பயிரிடுகிறவர். வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தபோது அவள் சொன்ன பதில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"ஆளப் பாத்தாச்சு, ஊரப் பாக்கலியே. கடைசி வரிக்கும் நான் அங்கதானே இருக்கணும்?"

பெயின்ட் வேலை பார்த்த அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். "பொண்ணு போயி ஊரப் பாக்கறதா? இன்னா பழக்கம் இது?" என்று அவர் கத்தினார். அம்மாதான், "கூட்டினு போய்ட்டு வாயேன், இன்னா கொறஞ்சுடப் போற" என்று முடித்து வைத்தாள். ஆக, அத்தையின் விடுப்பு நாளொன்றில், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லாமல், அப்பாவும் அத்தையும் நானும் காலையிலேயே பஸ் ஏறினோம். யாராவது பார்த்துக் கேட்டால் குழந்தைக்குக் கோட்டை காட்ட வந்தோம் என்று சொல்லலாம், அதற்காகத்தான் நான்.

அந்தப் பொய்யை நிஜமாக்க முதலில் கோட்டைக்கே போனோம். நவாபுகள் ஆண்ட ஊர் என்று எங்கள் தெரு டீக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நான் பெரிய மதில்களை எதிர்பார்த்திருந்தேன். பாலாற்றங்கரையில் தனியாக நின்றிருந்தது ஒரு பழைய வாசல் மட்டும்தான். ஆற்றில் மணல்தான் கிடந்தது. "நம்ம ஆத்துல தண்ணியாவது கீது" என்று நான் பெருமையாகச் சொல்ல, "அத்தப் போயி தண்ணின்றியா?" என்று அப்பா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

கடைவீதியில் எனக்கு அந்த ஊர் இனிப்பான மக்கன்பேடா வாங்கிக் கொடுத்தார்கள். பாகு முழங்கைவரை வழிந்தது. அத்தை வேறெதையோ தேடிக்கொண்டு வந்தாள் என்பது ஒரு துணிக்கடைக்குள் நுழைந்த பிறகுதான் புரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த விற்பனைப் பெண் எழுந்து ரவிக்கைத் துணிகளை எடுத்துப் போட்டுவிட்டு, நாங்கள் பார்க்க ஆரம்பித்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"உக்காந்தா மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று அத்தை மெல்லக் கேட்டாள்.

"ஆளு வந்தா எழுந்துக்கறோம். இல்லாங்காட்டி உக்காந்துகினு கீறோம். இதுல இன்னாக்கா கீது?"

அத்தை ஒரு துணியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். "இங்கயும் நம்ம மாதிரிதான் பேசறாங்கண்ணா" என்றாள். பிறகு பிரியாணிக் கடையில் இலையோரம் வைத்த கத்தரிக்காயைக் காட்டி, "மாப்ள தோட்டத்துக் காயா இருக்கும்" என்று அப்பா சொன்னதும் அவளுக்குப் புரையேறிவிட்டது.

தோட்டத்தைத் தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்றுதான் ஏற்பாடு. மரமே இல்லாத வெட்டவெளியில், வெளியூர் உடுப்போடு வரப்பில் நின்ற மூன்று பேரை யார்தான் பார்க்க மாட்டார்கள்? தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த முருகேசன் மடித்துக் கட்டிய லுங்கியை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். "கோட்ட பாக்க வந்தோம்" என்று முந்திக்கொண்டேன்.

"கோட்ட அந்தாண்ட கீதே" என்றார் அவர் குழப்பத்தோடு.

"இல்லீங்க. நான்தான் ஊரு பாக்க வந்தேன்" என்றாள் அத்தை.

அப்பா சட்டென்று திரும்பி ஒரு கத்தரிச் செடியை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார். முருகேசன் மண்ணான கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே, "எப்டி கீது ஊரு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் கீது. ஆனா எனக்குக் கழனி வேல தெரியாது. பஜார்ல துணிக்கடைக்கு வேலைக்குப் போவேன். அதுக்கு ஒத்துக்கினா சரி."

அவர் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "அம்மாவக் கேக்கணும்" என்றார்.

"கேளுங்க" என்று அத்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் ஓடிவந்து அப்பாவின் கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காயைத் திணித்தார். திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்த அப்பா, பூந்தமல்லி தாண்டியதும், "நல்ல எடம், பூட்ச்சு" என்றார். அத்தை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்ததைப் பக்கத்திலிருந்த நான் பார்த்தேன். "வெயில்" என்றாள் என்னிடம்.

பல வாரம் ஒரு தகவலும் இல்லை. எதிர்பார்ப்பதை நாங்கள் விட்டுவிட்ட பிறகு ஒருநாள் முருகேசனின் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு நேராகத் தி.நகர் கடைக்கே வந்து நின்றாராம். சேலை காட்டச் சொன்னாராம். அத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட, "உக்காந்துதான் காட்டேன்" என்றாராம். உட்காரக் கூடாது என்றதும், நிற்கிற பெண்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பேரும் இப்டியேவா நின்னுகினு கீறீங்க?" என்று கேட்டாராம். கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழுந்து, "அங்க வந்து வேலைக்குப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாராம். இதைச் சொல்லும்போது அத்தை அழுதாள், சிரித்தாள், முட்டிக்குத் தைலம் தேய்க்க மறந்துபோனாள்.

தை மாதத்தில் கல்யாணம். இன்றும் அத்தை ஆற்காட்டில்தான் இருக்கிறாள். துணிக்கடையில் இப்போது கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாள். தோட்டத்தில் பாதி மனைகளாகிவிட்டது, மீதியில் மாமா இன்னும் கத்தரி போடுகிறார். இல்லாமல் போனது எங்கள் தெருதான். ஆற்றோரத்து வீடுகளை இடித்து எங்களைப் புறநகர் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் வந்திருந்த அத்தை, பழைய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்று அப்பா கையை நீட்டிக் காட்டினார். பிறகு சந்தேகப்பட்டுக் கையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். கம்பி வேலியும் அதற்குள் வரிசையாகச் செடிகளும் தெரிந்தன. அத்தை கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"எதுண்ணா?" என்றாள்.