சுபேதாரின் நாற்பத்தொன்று மேக்னம்

என் மேசை இழுப்பறையில், குண்டூசி டப்பாவுக்குப் பின்னால், ஒரு காலித் தோட்டா கிடக்கிறது. சுண்டுவிரல் பருமன், அதைவிடக் கொஞ்சம் குட்டை. ஒரு காலத்தில் பளபளத்த பித்தளை, இப்போது புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கைப் போலக் கறுத்துவிட்டது. அடிப்பக்கத்தில் வட்டமாக ஓர் எண்ணும் சில ஆங்கில எழுத்துகளும் வெட்டியிருக்கும். வாயருகே வைத்து ஊதினால் விசில் சத்தம் வரும். சுபேதார் ஒருமுறை ஊதிக் காட்டினார். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவருக்கு அது பிடித்திருந்தது.

கள்ளக்குறிச்சியில் துப்பாக்கிக் கடை ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரு டயர் கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையில் கம்பிக்கதவு போட்ட சின்னக் கடை. அதில் பதிவேடு எழுதுவதுதான் என் வேலை. பொம்பளைக்குத் துப்பாக்கிக் கடையில் என்ன வேலை என்று என் மாமியார்கூடக் கேட்டார். நான் துப்பாக்கியைத் தொடுவதில்லை. எண், குழலின் துளை அளவு, உரிமம் வைத்திருப்பவர் பெயர், வந்த தேதி, போன தேதி, இவ்வளவுதான். தேர்தல் அறிவித்துவிட்டால் மட்டும் கடை திருவிழாக் கடையாகிவிடும். உரிமம் உள்ளவர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப எடுத்துப்போவார்கள். தியாகதுருகத்திலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் பெரிய வெள்ளாமைக்காரர்கள் மஞ்சள் பையில் காய்கறி கொண்டுவருவதுபோலத் துப்பாக்கியைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள்.

அந்த வரிசையில் நிற்பவர்களில் தன் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆசைப்பட்டவர் சுபேதார் ஒருவர்தான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளி போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் அதே வெள்ளைச் சட்டையில்தான் கடைக்கும் வருவார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன், வெளிநாட்டில் இருந்து திரும்பும்போது அந்தக் காலத்துச் சட்டப்படி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் கொண்டுவந்திருந்தார். அண்ணன் போனபின் வாரிசு உரிமத்தில் அது இவரிடம் வந்தது. நம் ஊரில் ரிவால்வர் என்றால் துளை அளவு முப்பத்திரண்டுதான். இவருடையது நாற்பத்தொன்று மேக்னம். அந்தத் தோட்டா சேலத்திலும் இல்லை, சென்னையிலும் இல்லை. எங்கள் முதலாளி தன் முப்பது வருஷத் தொழிலில் அதை வேறு யாரிடமும் பார்த்ததில்லை என்பார்.

கிடைக்காத பொருள்மேல் வைத்த ஆசைக்கு அளவேது? மேக்னம் என்றால் மருந்து கூடுதலாக அடைத்த, வேகமான தோட்டா என்று எனக்கு விளக்கியவர் அவர்தான். அந்த மேக்னம் குடும்பத்தில் பெரியவன் நாற்பத்திநாலு, எண் பெரிதானாலும் துளையில் சின்னவன் முன்னூற்றைம்பத்தேழு. இருவருக்கும் உலகம் முழுக்கப் பேர். நடுவில் பிறந்த நாற்பத்தொன்றைப் போலீசுக்கென்று செய்தார்களாம், போலீசுக்கு அது கனமாகப் பட்டது. வேட்டைக்காரர்கள் பெரியவனையே கேட்டார்கள். “ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்லம்மா, அளவா இருக்கும். அதான் ஒருத்தனுக்கும் பேர் தெரியல” என்பார். நானும் வீட்டில் நடுப்பெண். அக்காவுக்குப் புதுப்பாவாடை, தங்கைக்குச் செல்லம், எனக்கு அக்காவின் பழைய பாவாடை என்று வளர்ந்தவள். அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. அந்தத் தோட்டா ரிவால்வரிலும் போகும், அதற்கென்றே செய்த ரைஃபிளிலும் போகும் என்பதில்தான் அவருக்குப் பெரிய பெருமை. ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் இருந்து அந்த ரைஃபிளின் படத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். விசைக்குக் கீழே வளையமாக ஒரு கைப்பிடி, அதை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். “ஒரே பொண்ணு, பொறந்த வூட்லயும் ராசி, புகுந்த வூட்லயும் ராசி. அந்த மாதிரிம்மா இது” என்று ஒருநாள் சொன்னார். அந்த ரைஃபிள் தனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆறு தோட்டாவில் ஒன்றைத்தான் அவர் சுட்டிருக்கிறார். மரவள்ளியைக் காட்டுப்பன்றி உழுதுவைத்த ஒரு விடியலில், கூட்டத்தை விரட்ட வரப்பு மேட்டைப் பார்த்துச் சுட்டாராம். பன்றி ஓடியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சத்தம் மலையில் முட்டி மூன்றுமுறை திரும்பி வந்ததை மட்டும் சொல்வார், மூன்றாவது சத்தம் எப்படி இருந்தது என்று தொண்டையில் செய்தும் காட்டுவார். அன்று சுட்ட காலித் தோட்டாவை ரிவால்வரின் உருளையைத் திறந்து எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார். மீதி ஐந்தைச் சுட அவருக்கு மனம் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம் தேர்தல் வந்தது. அன்று மட்டும் நாற்பது பேருக்கு மேல் வரிசை. காலையில் இருந்து வந்த ரிவால்வர் எல்லாம் முப்பத்திரண்டுதான். பதிவேடு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. மேல்வரியில் இருப்பதே கீழ்வரியிலும் என்றால் இரண்டு சின்னக் கோடு இழுத்துவிடுவோம், டிட்டோ. சுபேதார் வந்தபோது நான் கட்டங்களைப் பார்க்காமலேயே கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டை அவிழ்த்து ரிவால்வரையும் ஐந்து தோட்டாக்களையும் முதலாளியிடம் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் இருந்து அந்தக் காலித் தோட்டாவை எடுத்து என் பதிவேட்டின்மேல் நிறுத்திவைத்தார். “உரிமத்துல எழுத்து மங்கிப்போச்சு. இதப் பாத்து எழுதும்மா” என்றார். சரிங்க ஐயா என்றேன். பார்க்கவில்லை. பின்னால் நின்றவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்த, தோட்டாவை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுக் கோடு இழுத்தேன். ரசீதிலும் முப்பத்திரண்டு. சுபேதாரும் படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

முடிவு வந்து எல்லோரும் திரும்ப எடுத்துப்போகும் நாளில்தான் அது வெளியே வந்தது. முதலாளி கண்ணாடியைப் போட்டுக் குழலைத் திருப்பிப் பார்த்தார். “இன்னாம்மா இது? ரிஜிஸ்டர்ல முப்பத்திரெண்டுன்னு இருக்குது, குழல்ல நாப்பத்தொண்ணுன்னு வெட்டியிருக்குது?” பதிவேட்டுக்கும் துப்பாக்கிக்கும் பொருந்தாவிட்டால் பொருள் வெளியே போகக்கூடாது, கடை உரிமமே போய்விடும். எனக்கு முன்னால் இருந்தவரை, தோட்டா எண்ணிக்கை ஒன்று தவறியதற்காக அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியவர் முதலாளி. என் வீட்டுக்காரருக்குக் கரும்பு வெட்டு இல்லாத மாதம் அது, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். என் கை இழுப்பறைப் பிடியில்தான் இருந்தது. திறந்து, அவர் காட்டித்தான் கொடுத்தார், நான்தான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். “அவர் சொன்னதத்தாங்க எழுதினேன்” என்றேன்.

சுபேதார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “நானாம்மா? நானா முப்பத்திரெண்டுன்னு சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார். பெற்ற பிள்ளையின் பேரை மாற்றிச் சொன்னாய் என்று ஒருவரைக் குற்றம் சொன்னால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். முதலாளி என் பக்கம் சேர்ந்துகொண்டார். பெரியவர் ஓயாமல் பேசுகிறவர், பேச்சு சுவாரசியத்தில் வாய் தவறியிருக்கும் என்று தேற்றினார். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு சுண்டுவிரல் பித்தளையைக் குண்டூசி டப்பாவுக்குப் பின்னால் மறைத்தேன், அவ்வளவு எளிதாக இருந்தது.

பதிவேட்டைத் திருத்த அனுமதி கேட்டு முதலாளி மேலே எழுதினார். உரிமதாரர் விளக்கக் கடிதம் தரவேண்டும் என்று பதில் வந்தது. ஒப்படைக்கும்போது துளை அளவை நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. சுபேதார் போடமாட்டேன் என்றார். வாராவாரம் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்தார். கையில் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியும் ஒரு பழைய பனியன் துணியும் இருக்கும். மழைக்காலம் வந்துவிட்டது, ஈரத்தில் இரும்பு என்னாகும், ஒருமுறை எடுத்துத் துடைத்துக்கொள்கிறேன் என்று கேட்பார். கடிதப் போக்குவரத்தில் உள்ள பொருள், முத்திரை வைத்த பையைப் பிரிக்கமுடியாது என்று முதலாளி சொல்வார். சுபேதார் எதிர் நாற்காலியில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போவார். என்னிடம் பிள்ளைகள் படிப்பு எப்படி என்று விசாரிப்பார். இழுப்பறையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆறில் ஐந்தைச் சுடாமல் காப்பாற்றுகிறவர் சுட்ட ஒன்றை எங்கே வைத்தோம் என்று மறப்பாரா? அப்படி யோசிக்க எனக்கு அப்போது விருப்பமில்லை.

கார்த்திகை மழை நாலுநாள் விடாமல் பெய்த வாரம், சுபேதார் குடையை மடித்து வாசலில் சாய்த்துவிட்டு, பேனா கேட்டார். முதலாளி சொல்லச் சொல்ல எழுதினார். முப்பத்திரண்டு என்று எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பட்டாளத்துக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் அணிவகுப்பில் நிற்பதுபோல நேராக இருக்கும். அன்று அந்த வரி மட்டும் சரிந்திருந்தது.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. பையைப் பிரித்தபோது குழலின் வாயருகே மிளகு அளவில் துரு. அவர் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிட்டுத் துண்டில் சுற்றினார். தோட்டாவை எண்ணிக்குங்க ஐயா என்றேன். “எண்ணிட்டேன்மா. அஞ்சு இருக்குது” என்றார். துண்டின் முடிச்சை இறுக்கினார். “அஞ்சுதான்” என்று மறுபடி சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அதன்பிறகு எண்ணெய் வாங்கவோ உரிமம் புதுப்பிக்கும் விவரம் கேட்கவோ இரண்டுமுறை வந்திருப்பார். நாற்பத்தொன்றைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சட்டைப்பையில் அந்தப் படமும் இல்லை. ஒரு மனிதர் தன் ஆசையைப் பற்றிப் பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். திருடியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். கொஞ்சநாள் கழித்து அவருடைய மனைவி அதே துண்டில் ரிவால்வரைச் சுற்றிக்கொண்டு வந்தார். வாரிசு யாரும் உரிமம் கேட்கவில்லை, ஒப்படைத்துவிடப் போகிறோம் என்றார். முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் பதிவேட்டைத் திறந்து நாற்பத்தொன்று மேக்னம் என்று எழுத்தில் எழுதி, எண்ணிலும் எழுதி, அவரிடம் திருப்பிக் காட்டினேன். குழலில் துரு இருந்த இடம் தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்தது. ஐந்து தோட்டாக்களையும் மேசைமேல் வரிசையாக நிறுத்தினார் அந்த அம்மா. ரசீதை வாங்கிப் பையில் வைத்த பிறகு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“சுட்டது ஒண்ணு கடையில அந்தப் பொண்ணுகிட்ட இருக்குதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு. கேட்டா அதுக்கு வேல பூடும், நீயும் கேக்காதேன்னாரு. அதனால நான் கேக்கலம்மா.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். குற்றம் சாட்டவில்லை, கணவர் சொன்னதை அப்படியே ஒப்படைத்தார். இழுப்பறை என் முழங்காலுக்கு நேரே இருந்தது. அப்போதாவது திறந்திருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை, அழுதிருந்தால்கூட ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா அம்மா என்று கேட்டேன். அவர் எழுந்துபோனார்.

இப்போது கடையில் நான்தான் பழைய ஆள். போன வருஷம் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கதையை ஏன்மா கிளறுகிறாய் என்று செய்தித்தாளைப் புரட்டினார். வேலை போகவில்லை, திட்டுக்கூடக் கிடைக்கவில்லை. இதற்குத்தான் அவ்வளவு பயந்தேன் என்று நினைத்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. மறுபடி தேர்தல், மறுபடி வரிசை. எத்தனை பேர் நின்றாலும் நான் டிட்டோ போடுவதில்லை, ஒவ்வொருவருக்கும் துளை அளவை முழுதாக எழுதுகிறேன். என்னம்மா இவ்வளவு மெதுவாக எழுதுகிறாய் என்று கோபித்துக்கொள்கிறார்கள்.

கூட்டம் கலைந்தபின் இழுப்பறையைத் திறந்து அந்தக் காலித் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தேன். பித்தளைதான் கறுத்திருக்கிறது, அடியில் வெட்டிய எழுத்து மழுங்கவில்லை. உரிமத்தைப் படிக்க எனக்கு இப்போது கண்ணாடி வேண்டும். இந்த எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. அன்றைக்குக் கண்ணாடியே இல்லை, கண் நன்றாகத் தெரிந்தது, இது என் பதிவேட்டின்மேல் நின்றுகொண்டிருந்தது.