மூன்றாவது வாக்கியம்

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் சிறப்பு சார்பு ஆய்வாளர் செல்வராணி வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். போலீஸ்காரம்மா வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். கீரமங்கலத்தில் பாரா நின்று தொடங்கி, கோட்டைப்பட்டினம், ஆலங்குடி, மகளிர் காவல் நிலையம் என்று மாவட்டத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடைசி ஆறு வருஷமாகப் பயிற்சிப் பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பிரேத விசாரணை அறிக்கை எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புதுச் சட்டம் வந்து பழைய நூற்றி எழுபத்து நாலாம் பிரிவு, நூற்றித் தொண்ணூற்று நாலாக மாறியபோது, பெரிய அதிகாரிகள்கூட அவருக்குப் போன் போட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். கோட்டைப்பட்டினத்தில் இருந்தபோது, நாலு நாள் கடலில் கிடந்து கரையொதுங்கிய உடலை, அரைஞாண் கயிற்றில் போட்டிருந்த முடிச்சை மட்டும் வைத்து இன்ன வீட்டு ஆள் என்று கண்டுபிடித்தவர். இதற்கெல்லாம் இலாகாவில் மெடல் கொடுப்பதில்லை. மெடல்கள் வேறு வேலைகளுக்கு.

ஆனால் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறொன்று. விபத்திலோ தண்ணீரிலோ யாராவது செத்துப்போனால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேதி சொல்ல ஒருவர் வேண்டுமே. வயர்லெஸ் மைக்கில் அப்படியொரு தகவல் வந்தால் போதும், ஸ்டேஷனில் ஒருவருக்கு வயிற்றுவலி வரும், இன்னொருவருக்கு கோர்ட்டில் சாட்சி இருக்கும், ரைட்டர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருப்பார். கடைசியில் செல்வராணிதான் போவார்.

அவரும் ஒரு காலத்தில் எல்லாரையும் போலத்தான் சொன்னார். ‘சீரியஸ்’ என்று. ஆள் போய்ச் சேர்ந்திருப்பார், மார்ச்சுவரியில் நம்பர் போட்டிருப்பார்கள். வீட்டில் போய், “சீரியஸா இருக்காங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது. மிச்சத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழக்கம் எல்லா ஸ்டேஷனிலும் இருக்கிறது.

சர்வீஸில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தபோது, கீரமங்கலத்துப் பக்கத்தில் இருளாயி என்ற பெண்ணிடம் அப்படித்தான் சொன்னார். கிணறு வெட்டப் போன அவள் புருஷன் மண்சரிந்து செத்துப்போயிருந்தான். சீரியஸ் என்றதும் இருளாயி அழவில்லை. உள்ளே ஓடி, துவைத்த வேட்டி ஒன்று, போர்வை ஒன்று, கஞ்சி ஒரு தூக்குவாளி நிறைய எடுத்துக்கொண்டு வந்தாள். புதுக்கோட்டை போகும்வரை பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். சூடு ஆறிவிடக் கூடாதாம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும், “டிரைவரண்ணே, சீக்கிரம் போங்கண்ணே, வீட்டுக்காரருக்கு முடியல” என்று கத்தினாள். பக்கத்து சீட்டில் செல்வராணி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சுவரி வாசலில் விஷயம் தெரிந்து, அழுது ஓய்ந்தபிறகு, இருளாயி அவரிடம் வந்து கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “அங்கனயே சொல்லியிருந்தா அங்கனயே அழுதிருப்பேன்ல. ஏந்தாயி சொல்லல?”

அதற்குப்பிறகு எந்த வீட்டு வாசலிலும் செல்வராணி சீரியஸ் என்று சொன்னதே இல்லை.

பயிற்சிப் பள்ளிக்கு வந்ததும் இதையே ஒரு பாடமாக வைத்துவிட்டார். பாடத்திட்டத்தில் கிடையாது, அவராகச் சேர்த்தது. தெருமுனையிலேயே வண்டியை ஆஃப் பண்ணித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மூன்றே வாக்கியம்.

“மொத வாக்கியம், இது இன்னார் வீடான்னு கேளு. தெரிஞ்ச வீடா இருந்தாலும் கேளு. ரெண்டாவது, நீ யாரு, எந்த ஸ்டேஷன்னு சொல்லு. மூணாவது வாக்கியத்துல இறந்துட்டாங்கங்கிற வார்த்தை வந்துரணும். நாலாவதுக்கு இழுத்தேன்னா நீ போலீஸ் இல்ல, டிவி சீரியல் எடுக்குறவ.”

வகுப்பில் நடித்தும் காட்டச் சொல்வார். அவரே செத்தவனின் தாயாக நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பயிற்சிக் காவலர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியம் முடிந்ததுமே கையைப் பிடித்துக்கொண்டு, “சீரியஸ்னு சொல்லும்மா, சீரியஸ்னு மட்டும் சொல்லு” என்று கெஞ்சுவார். மனசு இளகி யாராவது தலையை ஆட்டினால் தொலைந்தார்கள். “சீரியஸ்னு சொல்ல நீ என்ன டாக்டரா? ஒன் பயத்துக்கு அவங்களை நம்ப வைக்கிறியா? மறுபடி வாசல்லேர்ந்து வா.” கலைமதி என்ற ஆலங்குடிப் பெண் நாலு தடவை தோற்று, ஐந்தாவது தடவை சொல்லி முடித்துவிட்டு, வராண்டாவில் போய் நின்று அழுதாள். அவளுக்கு மட்டும் செல்வராணி டீ வாங்கிக் கொடுத்தார்.

செல்வராணிக்கு ஒரே பிள்ளை, கோபிநாத். புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது பையனுக்கு நாலு வயசு. டியூட்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓடி ஓடி வளர்த்தார். படித்து டிராக்டர் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் மெக்கானிக் ஆனான். இரண்டு வருஷத்துக்கு முன் வனிதாவைக் கட்டிவைத்தார். அவள் கீரமங்கலத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், தினமும் பஸ்ஸில் போய் வருவாள். மூன்று பேரும் ராத்திரிச் சாப்பாட்டில் ஒன்றாக உட்காரும்போது மாமியாரின் ஸ்டேஷன் கதைகளை அதிகம் கேட்பது வனிதாதான். இருளாயி கதை அவளுக்கு மனப்பாடம்.

அன்று செல்வராணிக்கு வார ஓய்வு. பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு பெண் போலீஸ் ஸ்கூட்டரை ஆஃப் பண்ணிவிட்டு இறங்குவது தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

நம்மகிட்டப் படிச்ச பிள்ளைதான், சரியாச் செய்யுது என்று செல்வராணிக்கு ஒரு சந்தோஷம். சொல்லக் கூசுகிறது, ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் பட்டது சந்தோஷம்தான். அடுத்த நிமிஷம், பாவம் எந்த வீட்டுக்கோ என்று நினைத்தார். அவள் மளிகைக் கடையைத் தாண்டினாள். பச்சை பெயின்ட் அடித்த மாடி வீட்டைத் தாண்டினாள். அதற்கு மேல் இருந்தது இரண்டு வீடு. ஒன்று பூட்டிக் கிடந்தது.

வந்தது கலைமதி. கேட்டுக்கு வெளியே ஸ்டாண்ட் போட்டாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ தடவை சாப்பிட்டுப் போன வீடு, இருந்தும் கேட்டாள்.

“இது கோபிநாத் வீடுங்களா?”

செல்வராணி மடியிலிருந்த கீரை கீழே கொட்டியது.

“நான் கலைமதி. திருக்கோகர்ணம் ஸ்டேஷன்லேர்ந்து வாரேங்க.”

செல்வராணி எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சீரியஸ்னு சொல்லும்மா. கலைமதி, சீரியஸ்னு மட்டும் சொல்லு.”

வகுப்பில் கேட்ட அதே வார்த்தைகள். இது பரீட்சையா இல்லையா என்று ஒரு கணம் அந்தப் பெண்ணுக்கே புரியவில்லை. ஆனாலும் சொன்னாள்.

“கோபிநாத் காலையில திருச்சி ரோட்டுல லாரி மோதி இறந்துட்டாருங்கம்மா.”

“சரியாச் சொன்ன” என்றார் செல்வராணி. பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அதன்பிறகுதான் கொட்டிக் கிடந்த கீரையிலேயே உட்கார்ந்தார்.

எவ்வளவு நேரம் அழுதார் என்று அவருக்குத் தெரியாது. தெருவே கூடிவிட்டது. யாரோ வனிதாவுக்குப் போன் போடப் போனபோது நிமிர்ந்து, “ஒருத்தரும் பேசக் கூடாது. அவளுக்கு நாந்தான் சொல்லணும். நேருல போய்ச் சொல்லணும்” என்றார். போலீஸ் குரல் அது. போனைக் கீழே வைத்துவிட்டார்கள்.

தெருவில் வாடகைக் கார் ஓட்டும் அய்யப்பன் வண்டியை எடுத்தான். கலைமதி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கீரமங்கலம் போகும் வழி முழுக்க செல்வராணி மனசுக்குள் மூன்று வாக்கியத்தையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வாக்கியம் தேவையில்லை. இரண்டாவதும் தேவையில்லை. ஒரே ஒரு வாக்கியம். இத்தனை வருஷத்தில் முந்நூறு வீட்டிலாவது சொன்ன வாக்கியம், இதைச் சொல்லவா வராது?

பள்ளிக்கூட வாசலில் செல்வராணி இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே ஆள் அனுப்பியதும் வனிதா வெளியே வந்தாள். விரலில் சாக்பீஸ் தூள், முகம் நிறையச் சிரிப்பு. “என்னங்கத்தை திடீர்னு? அவுகளும் வந்திருக்காகளா?” என்று குனிந்து காருக்குள் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? செல்வராணி வாயைத் திறந்தார்.

“கோபிக்கு ஆக்சிடென்ட்டும்மா. சீரியஸ்னு சொல்றாங்க.”

முன்சீட்டில் கலைமதி திரும்பிப் பார்த்தாள். பார்த்த வேகத்திலேயே மறுபடி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கார் கிளம்பியது. வனிதா கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வடகாடு வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அத்தை, வேற யாராச்சும் வந்து சீரியஸ்னு சொல்லியிருந்தா நான் அங்கனயே செத்திருப்பேன். நீங்கள்ல சொல்றீங்க. நீங்க பொய்யா அப்புடிச் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆள் இல்லைன்னா இல்லைன்னே சொல்லியிருப்பீங்க.” மாமியாரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “அவுகளுக்கு ஒண்ணும் ஆகாது.”

அப்புறம் போனை எடுத்தாள். தன் தம்பியைக் கூப்பிட்டாள். “மச்சானுக்கு ரெத்தம் வேணும்டா, ஓ பாசிட்டிவ். ஒன் பிரெண்டுக எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துரு. பைக்ல மெதுவா வாங்க.” அடுத்து கூட வேலை பார்க்கும் டீச்சர். அடுத்து அந்த டீச்சருடைய வீட்டுக்காரர். ஒவ்வொருவரிடமும் குரல் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில், “அத்தை, போறப்ப வீட்டுல நிப்பாட்டி ஒரு கைலியும் போர்வையும் எடுத்துக்கிருவமா? ஏசி வார்டுன்னா அவுகளுக்குக் குளிரும்” என்றாள்.

செல்வராணிக்குக் கண்ணில் வேறொன்றும் தெரியவில்லை, ஒரு தூக்குவாளிதான் தெரிந்தது. மூடியில் விரலை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே வந்த ஒரு பெண்ணின் கை தெரிந்தது.

“அய்யப்பா, வண்டிய ஓரங்கட்டு.”

ஆலங்குடிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பூக்கொல்லையை ஒட்டி வண்டி நின்றது. செல்வராணி வனிதாவின் கையிலிருந்த போனை வாங்கி சீட்டில் வைத்தார்.

“கோபி இறந்துட்டாம்மா. காலையிலயே இறந்துட்டான்.”

வனிதா கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரத்தில் நாலடி நடந்து, திரும்பி வந்து, காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வராணியும் இறங்கினார். தொடப் போன கையை அவள் தட்டிவிட்டாள். பிறகு அவளே அந்தத் தோளில் விழுந்து, ஊரே கேட்கும்படி அழுதாள். பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். கலைமதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

அழுகைக்கு நடுவில் வனிதா தலையைத் தூக்கினாள்.

“ஏங்கத்தை அங்கனயே சொல்லல? நீங்களுமா?”

இருபத்தெட்டு வருஷமாகப் பதில் இல்லாமல் கிடந்த கேள்வி. பயம் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார். பயம் இல்லை.

“நீ போன்ல பேசிக்கிட்டு வந்தியே தாயி, ரெத்தம் வேணும், போர்வை வேணும்னு” என்றார் செல்வராணி. “அதுவரைக்கும் எம்புள்ள உசுரோட இருந்தான்.”