கனகம்மாவின் மகளுக்கு ஒரு வரி

கனகம்மாவின் படத்தைத் தர்மலிங்கம் கணினியில் இன்னும் கொஞ்சம் சுருக்கினார். கீழே ஒரு வரிக்கு இடம் தேறியது. அதில் எதையும் தட்டாமல் கதிரையில் சாய்ந்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. காலையில் கனகம்மாவின் மகன் ரிசாந் அவருடைய பத்திரிகைக்கு அனுப்பியிருந்தான். கீழே போடவேண்டிய பெயர் வரிசையில் மருமகள், பேரப்பிள்ளைகள், கனடாச் சகோதரர்கள் எல்லோரும் இருந்தார்கள். மகள் துஷ்யா இல்லை. அண்ணனும் தங்கையும் மாற்றுக் கலியாணம் செய்தவர்கள்; அவன் பெண்ணெடுத்த வீட்டிலேயே இவளைக் கொடுத்தார்கள். இவள் புருஷனை விட்டுவிட்டுப் பேர்கன் நகருக்குப் போய்விட்டாள்.

மதியம் அவளே தொலைபேசியில் கேட்டிருந்தாள்.

"அங்கிள், என்ர பேர் வருமோ?"

"கொண்ணன் தந்ததைத்தான் பிள்ளை நான் போடலாம்."

"கடைசியிலை அம்மா என்னோடைதானே இருந்தவ."

"தெரியும். நீர் தனிய ஒண்டு எழுதித் தாரும். அதே பக்கத்திலை காசில்லாமல் போட்டுவிடுறன்."

"தனியப் போட்டா, வீடு ரெண்டுபட்டுப்போச்சு எண்டு சனம் சிரிக்கும். அந்த வரிசையிலை இருந்தாப் போதும் அங்கிள்."

தர்மலிங்கம் அகதியாக வந்து, வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்று, பிறகு ஒஸ்லோவில் அலுவலகங்கள் துடைத்த சம்பளத்தில் பத்திரிகை தொடங்கியவர். அந்தக் காலத்தில் தலையங்கத்துக்காகச் சண்டைக்கு வந்தார்கள். ஒருமுறை கார்க் கண்ணாடியை உடைத்தார்கள். அப்போது அவருக்குக் களைப்புத் தெரியவில்லை. இப்போது தலையங்கத்தை யாரும் படிப்பதில்லை. கையில் எடுத்ததும் மரண அறிவித்தலைத்தான் திருப்புகிறார்கள். பின்பக்கம் முழுவதும் ரிசாந்தின் கடை விளம்பரம். அது போனால் பத்திரிகை அதிக நாள் நிற்காது.

மனைவி தேவிகா தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டையின்ர பேரைப் போடப் போறியளோ?"

"ரிசாந் விளம்பரத்தை நிப்பாட்டிப் போடுவான்."

"நிப்பாட்டட்டும். நீங்களும்தான் எத்தினை வருசமா பேப்பரை நிப்பாட்டப் போறன் எண்டு கதைக்கிறியள்."

"நிப்பாட்டுறதெண்டா அதுக்கும் ஒரு தலையங்கம் எழுதவேணும். அந்தப் பஞ்சியிலை, அலுப்பிலைதான் நடத்துறன்."

அவள் சிரித்துக்கொண்டு போனாள். அவர் ரிசாந்தைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, தங்கச்சியின்ர பேரும் வருது."

"ஆர் போடச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் போடுறன். தாயின்ர அறிவித்தலிலை மகள் இல்லாமல் நான் அச்சடிக்கேலாது."

"அப்ப என்ர விளம்பரத்தை எடுங்கோ. கடையிலை பேப்பரும் வைக்க வேண்டாம்."

"ஓம் தம்பி."

துஷ்யாவின் பெயரைத் தட்டினார். விளம்பரம் இருந்த இடத்தில் கோயில் தேர்ப்படம் ஒன்றைப் பெரிதாக்கி வைத்து அச்சகத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டார். ரிசாந்தின் கடைக்குப் போகவில்லை. பேர்கன் கட்டைத் தபாலில் சேர்த்தார். பியோர்ண்டால் கடையில் ஒருவர், தேர்ப்படம் போன வருடத்தது என்றார். வீடிருந்த ஹவுகன்ஸ்டுவாவுக்குத் திரும்பும்போது மழை பெய்தது. மிச்சக் கட்டு இரண்டையும் நிலவறைக்கு இறக்கினார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். விளம்பரம் கேட்டு யாரையும் அன்று கூப்பிடவில்லை.