கடை வாசல் தண்டவாளம்

புலம்பெயர்ந்த தமிழர்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு யாழ்ப்பாணத்துக் காய்கறிக் கடை வாசலில் என் பெட்டியை இறக்கி வைக்கிறேன். கடைக்காரர் ஓடிவந்து அதை ஓரமாக நகர்த்துகிறார்.

“தண்டவாளத்திலை வையாதேங்கோ அண்ணை.”

அப்போதுதான் கவனிக்கிறேன். தாரில் புதைந்த இரண்டு இரும்புக் கம்பிகள் தெருவோடு போய், பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கில் முடிகின்றன. முருங்கைக்காய்ப் பெட்டிகள்கூடக் கம்பிக்கு வெளியேதான் இருக்கின்றன.

“ரயில் வருமா?”

“அது நிண்டு கனகாலம். கோதுமை மா கொண்டு வாற சின்ன ரயில். ஒரு எஞ்சின், பின்னாலை மூண்டு பெட்டி. முன்னாலை ஒருத்தர் சிவப்புக் கொடியோடை நடந்து வருவார். எங்கடை சாமான் தண்டவாளத்திலை கிடந்தா, ரயிலை நிப்பாட்டிப்போட்டு அவரே தூக்கி ஓரத்திலை வைப்பார். ஒருநாளும் ஏசினதில்லை. இப்ப மா லொறியிலை வேறை எங்கையோ போகுது.”

“அப்புறம் என்ன, இங்கே பெட்டி வைக்கலாமே?”

அவர் தெருமுனையைக் காட்டுகிறார். அங்கிருந்து, துணிப்பையோடு உயரமான வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் இரு கம்பிகளுக்கும் நடுவே மெல்ல நடந்து வருகிறார். அவரை முந்த வழியில்லாமல், குழந்தை வண்டிகளும் சாமான் வண்டிகளும் அதே வேகத்தில் பின்னால் வருகின்றன.

“கொடி பிடிச்சவர். பென்ஷன் எடுத்து இப்ப நகருக்கு வெளியிலை சார்செல்லிலை இருக்கிறார். சனிக்கிழமையிலை மாம்பழம் வாங்க வருவார்.”

கிழவர் நெருங்குகிறார்.

“ரயில் வருது,” என்று சொல்லி, கடைக்காரர் என்னையும் ஓரமாக நகர்த்துகிறார்.