மலையில் விட்ட வார்த்தை

எங்கள் நாய் என் கொழுந்தனார் மனைவியின் காலை ஒட்டிக்கொண்டே மலை ஏறியது. எனக்கு வயிறு எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

வால்பாறைக்கு மேலே என் கணவரின் சிநேகிதருக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. அதைத் தாண்டி உச்சிப் புல்வெளிவரை அவர்கள் சொந்த இடம் என்பதால் நாய்களையும் கூட்டிப் போகலாம் என்றார். கூடாரம், அரிசி, பருப்பு, சென்னிமலைப் பெட்ஷீட் எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு குடும்பமாகக் கிளம்பினோம். கொழுந்தனார் வீடு பெங்களூரில். அவர் மனைவி பம்பாயில் பிறந்து வளர்ந்தவள். அவர்களுடைய லாப்ரடாருக்குக் காலில் ஷூ, முதுகில் சொந்தப் பை. எங்களவன் சோமனூர்த் தறிப்பட்டறை ஒன்றில் பிறந்த நாட்டு நாய். கண் திறக்காத குட்டியை எடுத்து வந்து, பஞ்சில் பால் நனைத்து ஊட்டியவள் நான். இப்போது அவன் கயிறு அவள் கையில்.

"இவன் என்னை இழுத்துட்டே போறான் அக்கா" என்று சிரித்தாள். ஆமாம், சிரிக்கமாட்டாயா பின்னே.

எங்கள் பக்கம் விருந்தாளி கை நனைத்த பிறகுதான் வீட்டாள் சாப்பிடுவது. என் வீட்டில் நாய்க்கும் அதே சட்டம்தான். யார் நாய் வந்தாலும் அதற்குத்தான் முதல் தட்டு. எங்களவன் உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பான். "ம், சாப்புடுங்க சாமி" என்று நான் சொன்னால்தான் வாய் வைப்பான். அன்றும் ஓடையோரத்தில் லாப்ரடாருக்கு முதலில் சோறு போட்டேன். திரும்பிப் பார்த்தால், அவள் கையிலிருந்து இவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பாவி, அவளுடைய உள்ளங்கையை வேறு நக்கினான்.

சாயங்காலம் புல்வெளியில் அடுப்பு மூட்டியபோது அவன் தலை அவள் மடியில் இருந்தது. "இவனை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு அக்கா" என்றாள்.

"அதுக்கென்னங்க அம்மணி, புடிச்சிருந்தாக் கூட்டீட்டுப் போங்க" என்றேன்.

எங்கள் ஊரில் இதற்கு அர்த்தமே கிடையாது. ஒருத்தி என் சேலையை நன்றாக இருக்கிறது என்றால், எடுத்துக்கோங்க என்பேன். வேண்டாங்க, அது உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கும் என்பாள். சேலை என் பீரோவிலேயே இருக்கும். இவளும் அப்படித்தான் சொல்வாள் என்று கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"நிஜமாவா அக்கா?" என்று எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

கூடாரத்துக்குள் நுழைந்ததும் என் கணவர் பிடித்துக்கொண்டார். "உன்ற வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

"உங்க தம்பிகிட்ட நீங்க சொல்லுங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்னு."

"குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கறதா? நல்லாருக்குதா அது?"

நல்லாயில்லைதான். அதனால் நானும் கேட்கவில்லை. மறுநாள் இறங்குகிற வழியெல்லாம் அவள் திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். பெங்களூரில் நாய்களுக்கென்றே நீச்சல் குளம் இருக்கிறதாம். இவனுக்குத் தனி மெத்தை வாங்கப் போகிறாளாம். "நல்லதுங்க அம்மணி" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். என்னிடம் குளமும் இல்லை, மெத்தையும் இல்லை. அவன் வாலைப் பார்த்தால் அதெல்லாம் புரிந்துவிட்டதுபோல இருந்தது. என் நாய், என் கண்முன்னே, இன்னொருத்திக்கு வாலாட்டிக்கொண்டு இறங்குகிறது. அவளை அந்தப் பாறையிலேயே உட்காரவைத்துவிட்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

தோட்டத்து வாசலில் அவர்கள் கார் நின்றது. அவள் பின்கதவைத் திறந்தாள். லாப்ரடார் ஏறியது. அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "வாடா செல்லம்" என்று சீட்டைத் தட்டினாள்.

அவன் ஏறவில்லை. விருந்தாளி ஏறியாயிற்று. அவன் தரையில் உட்கார்ந்து, திரும்பி, என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க சொன்னாத்தான் வருவான் போல. சொல்லுங்க அக்கா" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் தொண்டையைச் செருமினார். கொழுந்தனார் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மறுபடி சீட்டைத் தட்டினாள், பையைத் திறந்து பிஸ்கட்டை நீட்டினாள். அவன் மூக்கு மட்டும் அந்தப் பக்கம் போய்வந்தது. கண் என்மேலேயே இருந்தது.

வாயைத் திறந்தால் "போங்க சாமி" என்றுதான் வரும். என் வாயை எனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஏறாமலே அவள் கதவைச் சாத்தி, கார் கிளம்பி, வளைவு திரும்பி மறையும்வரை நின்றேன். "போய்ட்டு வாங்க" என்றுகூட நான் சொல்லவில்லை.