மில்லிமீட்டரின் நடுக்கட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்விசிறி துடைப்பது கணவரின் வேலை. ஸ்டூல் மேல் ஏறி, பழைய பனியனை நனைத்துப் பிழிந்து, மூன்று இறக்கைகளையும் ஒவ்வொன்றாகத் துடைப்பார். வாரத்தில் ஆறு நாள் பேருந்து ஓட்டுகிறவர். ஏழாம் நாள் உயரத்தில் நின்று வீட்டைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. கீழே சாப்பாட்டு மேஜையில் அவர் மனைவி மடிக்கணினிக்குச் செய்தித்தாளைக் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு, மற்ற கையால் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"பத்து நிமிஷம் எழுந்து போனா என்னம்மா? தூசி பூரா உன் தலையிலதான் விழுது."

"பிளக் பாயின்ட் இங்கதானே இருக்கு. நீங்க மெதுவா தொடைங்க."

"நான் மெதுவா தொடைப்பேன். தூசிக்கு யார் சொல்றது?"

மேஜையின் மறுபாதியில் கணவரின் தங்கை துணி வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி அவளுக்குத் தையல் கடை இருக்கிறது. கடை மேஜை சின்னது. அவள் புருஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூக்கம், அதனால் வீட்டில் கத்திரிக்கோல் சத்தம் ஆகாது. பள்ளிச் சீருடைகளை மொத்தமாக வெட்ட அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவாள். மேஜையின் நீளம் ஆயிரத்து எண்ணூறு மில்லிமீட்டர். ஒவ்வொரு ஞாயிறும் மேஜையைத் துடைத்தவுடன், நாத்தனாரின் தையல் சாக்பீஸையே வாங்கி, தொள்ளாயிரத்தில் ஒரு கோடு போட்டுவிடுவாள் மனைவி. கோட்டுக்கு அந்தப் பக்கம் மடிக்கணினியில் அவள் வரையும் பாலம், இந்தப் பக்கம் நாத்தனார் வெட்டும் சட்டை.

"காலர் ஒரு நூல் உங்க பக்கம் வந்திருச்சு அண்ணி. மன்னிச்சு விட்டுடுங்க," என்பாள் நாத்தனார்.

"ரெண்டு நூல்."

வரைபடம் வரையும் அலுவலகத்தில் மனைவிக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டுக்குப் புத்தக அலமாரி செய்து கொடுத்த தச்சரிடம், மூன்று மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியவள் அவள். தச்சர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "இந்தம்மா வீட்டுல தண்ணி கூட நேராத்தான் ஊத்தணும் போல," என்று சொல்லிவிட்டுப் போனார். அலமாரி திரும்பி வந்தபோது நேராக இருந்தது. தச்சர்தான் வரவில்லை, ஆள் வைத்து அனுப்பியிருந்தார்.

டிப்ளமோ முடித்து இருபது வயதில் அந்தப் பொறியாளர் அலுவலகத்தில் சேர்ந்தாள். கீழே சைக்கிள் கடை, மேலே இரண்டு அறை. அப்போதெல்லாம் சாய்வுப் பலகையில் மை பேனாவால் வரைவார்கள். தப்பு வந்தால் சவர பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்துபோகும். வெளிச்சத்தில் பிடித்தால் எங்கெங்கே தப்பு நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு கணினி வந்தது. தப்பு தடம் தெரியாமல் அழிந்தது. ஆனாலும் அவள் பழைய பயத்தை விடவில்லை.

ஒவ்வொரு வரைபடத்துக்கும் வலது கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் உண்டு: வரைந்தவர், வடிவமைத்தவர், சரிபார்த்தவர். இருபத்திரண்டு வருஷமாக அவள் பெயர் முதல் கட்டத்தில்தான். மற்ற இரண்டிலும் பொறியாளர். ஒரு மாதம் முன்பு ஒரு நடைபாலம் வந்தது. கால்வாயின் இந்தக் கரையில் மருத்துவமனை, அந்தக் கரையில் பேருந்து நிறுத்தம். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அவசரக்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குழாய் மேல் நடந்தார்கள். மற்றவர்கள் ஒன்றரை கிலோமீட்டர் சுற்றினார்கள்.

பொறியாளர் கோப்பை அவள் மேஜையில் வைத்துவிட்டு, "இருபத்து நாலு மீட்டர்தான். கணக்கும் நீங்களே போடுங்க. சரியா வந்தா நடுக்கட்டமும் உங்களுக்குத்தான்," என்றார்.

வீட்டுக்கு வந்து, ஷூ கழற்றிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப பாலம் விழுந்தா உன்னைத்தான் பிடிப்பாங்களா?"

"விழாது."

"சரி, விழாதுன்னா பெருமைதான்," என்று மற்ற ஷூவையும் கழற்றினார். அடுத்த நாள் அளவு எடுக்கக் கால்வாய்க்குப் போனபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

பாலத்தின் வடிவம் எளிது. இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம். ஒவ்வொரு சட்டத்திலும் மூன்று மீட்டரில் எட்டுச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கம்பி. இடது நான்கு கம்பிகளும் மேலிருந்து நடுவை நோக்கி இறங்கும். வலது நான்கும் அதேபோல் எதிர்ப்பக்கமிருந்து நடுவை நோக்கி இறங்கும். அப்படி வைத்தால் ஆட்கள் நடக்கும்போது கம்பிகள் இழுபடும். இழுபடுகிற கம்பி மெலிதாக இருந்தாலும் தாங்கும்.

வீட்டு மேஜையில் இடது பாதியை வரைந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் மறுபுறம் திருப்பி வைக்கச் சொல்லி மென்பொருளுக்குக் கட்டளை கொடுத்தாள். பாலம் முழுதானது. கணக்கை ஓடவிட்டாள். பாலம் நடுவில் எவ்வளவு இறங்கும் என்று திரை சொன்னது: நாலு கிலோமீட்டர்.

கணவர் எட்டிப் பார்த்தார். "நம்ம ரூட்ல மூணு ஸ்டாப்பு தூரம்!"

நடுவில் இரண்டு பாதியும் சேரும் இடத்தில், ஒன்றாகத் தெரிந்த முனைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டாக இருந்தன. ஒட்டவில்லை. கணினிக்கு அது ஒரு பாலம் இல்லை, இரண்டு பாதிகள். அதை ஒட்டவைக்க ஒரு மாலை முழுக்கப் போராடினாள். கடைசியில் எரிச்சலில் வலது பாதியை அப்படியே அழித்தாள். இடது நான்கு சதுரங்களை நகல் எடுத்து, பன்னிரண்டு மீட்டர் தள்ளி வைத்து, முனைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். இறக்கம் இருபத்தொரு மில்லிமீட்டர். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு கம்பிகளின் பலத்தைப் பார்த்தாள். பாதி பார்த்தால் போதும், மறுபாதியும் அதேதானே என்று இடது பாதிக்கு மட்டும் பார்த்தாள். அவளைப் போலப் பாதி வரைந்து பழகினவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை பொறியாளர் தாள்களைப் புரட்டினார். இடது பாதியின் கணக்கை விரல் வைத்துப் பார்த்தார். "உங்க வேலையில நான் என்னத்த பார்க்க?" என்று கையெழுத்துப் போட்டார். நடுக்கட்டத்தில், மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்தில், அவள் பெயர் நின்றது. திங்கட்கிழமை தாள்கள் நகராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விளையாட்டு வேலைதான். பாலத்துக்கு வண்ணம் அடித்து, மேலே ஆட்களை நடக்கவிட்டு, பார்க்கிறவர்களுக்கு அழகான ஒரு படம் செய்துகொண்டிருந்தாள்.

"என்னையும் போடேன்," என்றார் கணவர் ஸ்டூலிலிருந்து. "யூனிஃபார்மோட."

"பஸ் ஓட்டுறவருக்கு நடைபாலத்துல என்ன வேலை?"

"நிறுத்தம் அந்தக் கரையிலதானே. அதுவும் நான் இங்கேருந்தே முழுப் பாலத்தையும் பார்க்கிறேன். கம்பி எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு நிக்குது, காத்துல சாஞ்ச புல்லு மாதிரி. அழகாத்தான் இருக்கு."

"எங்கே, நானும் பார்க்கிறேன்," என்று நாத்தனார் கத்திரிக்கோலோடு கோட்டைத் தாண்டி வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள்.

"அண்ணி, ரெண்டும் இடது கையா வெட்டிருக்கீங்களே."

"என்னது?"

"சட்டைக் கை. துணியை மடிச்சுப் போட்டு வெட்டினா ஒண்ணு இடது, ஒண்ணு வலது வரும். மடிக்காம ஒரே பேட்டர்னை ரெண்டு தடவை வச்சு வெட்டினா ரெண்டும் இடது. எங்கிட்ட வேலைக்கு வந்த பொண்ணு முதல் வாரத்துல பன்னெண்டு சட்டைக்கு இருபத்து நாலு இடது கை வெட்டினா. அதே மாதிரி இருக்கு."

"பாலத்துக்கு ஏது இடது கை? போய் உன் பக்கம் உட்காரு."

நாத்தனார் போய் உட்கார்ந்தாள். மில்லிமீட்டர் படத்தைப் பார்த்தாள். செய்தித்தாள் நழுவிக் கீழே விழுந்தது, தூசி விசைப்பலகையில் விழுந்தது, அவள் துடைக்கவில்லை. நகல் எடுத்த பாதியில் கம்பிகள் நடுவிலிருந்து கரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. வலது பாதிக்கும் பலம் பார்க்க மென்பொருளுக்குச் சொன்னாள். ஒரு சட்டத்துக்கு மூன்றாக ஆறு கம்பிகள் சிவப்பாயின.

"சிவப்புன்னா நல்லதா?" என்றார் கணவர்.

"இழுபட வேண்டிய கம்பியைத் தள்ளச் சொல்லியிருக்கேன்."

நாத்தனார் ஒரு நூலை இரண்டு விரலால் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தாள். வளைந்தது. "புரிஞ்சிருச்சு," என்றாள். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மில்லிமீட்டருக்குத் தோன்றியது.

திருத்துவதற்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. கண்ணாடிக் கட்டளையையே மறுபடி கொடுத்து, நடு முனைகளை இந்தத் தடவை பொறுமையாக ஒட்டவைத்தாள். ஒரு சிவப்பும் இல்லை. கணவர் ஸ்டூலை விட்டு இறங்கி, பனியனைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"ஆபீஸ் சாவி உங்கிட்டதானே இருக்கு. காலையில முன்னாடி போய் புதுத் தாளை மாத்தி வச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"நாங்களும் பிரிச்சுத் தச்சா சொல்ல மாட்டோம் அண்ணி," என்றாள் நாத்தனார். "போட்டுப் பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

அவள் கைபேசியை எடுத்தாள். சொன்னால் நடுக்கட்டம் போய்விடும் என்று தெரியும். ஆனால் பழைய தாளில் பொறியாளர் கையெழுத்து இருந்தது. புதுத் தாளுக்கு ஏதோ காரணம் சொல்லி, அவர் பார்க்காத பாலத்துக்கு மறுபடி கையெழுத்து வாங்க அவளால் முடியாது.

"சார், பாலத்துல வலது பாதி தப்பு. கம்பி திசை மாறியிருக்கு. இப்ப சரி பண்ணிட்டேன்."

"நான் பார்த்தேனேம்மா."

"இடது பாதி பார்த்தீங்க சார்."

எதிர்முனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு குழாய் மூடப்பட்டது. "காலையில வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"திட்டினாரா?" என்றார் கணவர்.

"திட்டியிருந்தா தேவலை."

திங்கட்கிழமை பொறியாளரின் மேஜையில் பழைய தாளும் புதுத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் வெகுநேரம் பழையதையே பார்த்தார். அப்புறம் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அவள் பேனா முனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது மூலையை நோக்கி இறங்கியது, நடுக்கட்டத்தின் மேலே ஒரு கணம் நின்றது, தாண்டிப் போய் மூன்றாம் கட்டத்தில் அவருடைய கையெழுத்தை அடித்தது.

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே இதைப் பார்த்தேன்?" என்றார், தன்னையே கேட்பதுபோல். "உட்காருங்க. இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வொரு கம்பியா சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவர் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக டிக் போட்டார். மணி ஒன்றானது. கீழே சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இறக்கிச் சாப்பிடப் போய்விட்டார். கடைசி முனைக்கு வந்தபோது பொறியாளர் கேட்டார்:

"யார் கண்ணுலம்மா பட்டுது?"

"என் நாத்தனார் சார்."

"என்ன படிச்சிருக்காங்க?"

"ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறா சார்."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். புதுத் தாளில், நடுக்கட்டத்தில் இருந்த பெயரை ஒரு தடவை வாசித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "அடுத்த தடவை அனுப்புறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயும் ஒரு தடவை காட்டுங்க," என்றார். கேலியா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

அன்று மாலை கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். "இருக்கா, போயிருச்சா?"

"இருக்கு."

அவர் உடனே தங்கைக்குப் போன் போட்டார். மில்லிமீட்டர் கைபேசியை வாங்கவில்லை. தலைவலி என்று கையைக் காட்டினாள். வாரம் முழுக்க அந்தத் தலைவலி போகவில்லை. புதன்கிழமை பாத்திரம் கழுவும்போது கணவர், "அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டார். "இந்தத் தட்டுல சோப்பு போகலை," என்று அவள் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு ஸ்டூல், பனியன், மின்விசிறி எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. நாத்தனார் சாம்பல் நிறத் துணிச் சுருள் ஒன்றோடு வந்தாள். கோடு முன்பே போட்டிருந்தது. அவள் துணியை விரித்தாள், நீவினாள், நிறுத்தினாள். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்து மேஜை ஓரத்திலிருந்து கோடு வரை வைத்துப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி வைத்தாள்.

"அண்ணா, எப்பவும் எனக்கு முப்பத்தஞ்சரைதானே வரும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் மேலே இருக்கேன்."

"இன்னிக்கு முப்பத்தேழரை வருது. ரெண்டு இஞ்ச் என் பக்கம் கூட." அண்ணியைப் பார்த்தாள். "என்ன அண்ணி, கோடு தப்பா போட்டுட்டீங்களா?"

கணவர் இறக்கையைப் பிடித்தபடி துடைப்பதை நிறுத்தினார். மில்லிமீட்டர் மடிக்கணினியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்தாள். மேஜையில் இருந்த மூன்று டீ கப்புகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.