மழைச்சோறும் பழனியம்மாவும்

போன மாதம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். அருவி பார்க்க அல்ல... பாடம் கேட்க!

அடிவாரத்தில், காரவள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். என் சிநேகிதி சுமதி அங்கே அறிவியல் டீச்சர். "பருவநிலை மாற்றம்னு புதுசா ஒரு பாடம் வெச்சிருக்காங்கக்கா. புத்தகத்துல பனிமலை உருகற படம். எங்க புள்ளைங்க ஐஸ் உருகிப் பார்த்ததே குச்சி ஐஸ்லதான்! நான் என்னன்னு நடத்தறது?" என்று போனில் ஒரே புலம்பல்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் ஐந்தாம் வகுப்பை வேனில் ஏற்றி, மலைமேல் திண்ணனூர் நாட்டில் (அங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு 'நாடு') இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒரே கேள்வியைக் கேட்பது. பத்திரிகையில் நான் எழுதும் பத்திக்கு விஷயம் தேறுமே என்று நானும் தொற்றிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி வேன் வாந்தி எடுத்தது. அந்தப் பாதியில் நானும் உண்டு.

சுமதி கேட்டாள். "இந்த வருசம் மழையே இல்ல. உங்க ஊட்ல என்னாச்சு?"

அடிவாரத்துப் பிள்ளைகள் போட்டி போட்டுக் கை தூக்கினார்கள். "எங்க கெணறு வத்திப்போச்சு மிஸ், அப்பா போர் போட்டாரு." "எங்க போர்லயும் தண்ணி இல்ல மிஸ், லாரித் தண்ணிதான்." "தீவாளிக்கு டிவி வாங்கறேன்னாங்க... வாங்கல மிஸ்!" இதைச் சொன்ன பையன் முகத்தில்தான் எத்தனை துக்கம்!

மலைப் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. கூச்சம். ரொம்பக் கெஞ்சிய பிறகு ஒருத்தி எழுந்தாள். பெயர் பழனியம்மா. வயது பத்து இருக்கும்.

"மிளகு பூத்துச்சுங்க. மழையில்லாம எல்லாம் கொட்டிப்போச்சு. சாமை கருகிப்போச்சுங்க. ஊத்துலயும் தண்ணி இல்லீங்க."

"அப்புறம் என்ன பண்ணுனீங்க கண்ணு?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

உட்கார்ந்துவிட்டாள். கீழே இருப்பவர்களுக்குத் தோண்டுவதற்கு இன்னும் கொஞ்சம் பூமி பாக்கி இருக்கிறது. மேலே? அவர்கள் வீடுகளுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் எந்தத் தண்ணீர் லாரி ஏறும்? ஒரே வானம்தான் பொய்க்கிறது... ஆனால் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி பொய்ப்பதில்லை. சுமதி நடத்த நினைத்த பாடமும் இதுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், பிள்ளைகள் நாடகம் போடத் தயாராக வந்திருந்தார்கள்.

அடிவாரத்து ஊர்களில் மழைச்சோறு என்று ஒரு வழக்கம் உண்டு. மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்பார்கள். வசதியான வீட்டு அம்மாவும் அன்றைக்குக் கையேந்தியாக வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சாப்பிட்டுவிட்டு, 'இனி இந்த ஊரில் பிழைக்க முடியாது, நாங்கள் போகிறோம்' என்று ஒப்பாரி வைத்தபடி, மூட்டை முடிச்சோடு ஊர் எல்லை வரைக்கும் நடப்பார்கள். ஊர்க்காரர்கள் ஓடிவந்து மறிப்பார்கள் — 'போகாதீங்க, மழை வரும், திரும்பி வாங்க!' எல்லோரும் திரும்பிவிடுவார்கள். வானத்துக்கே வெட்கம் வரட்டும் என்று ஓர் ஏற்பாடு!

மலைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று, பழனியம்மா தலையில் ஒரு மூட்டையை வைத்தார்கள். மறித்துக் கூப்பிடுகிற வேஷம் கவிதா என்ற அடிவாரத்துப் பெண்ணுக்கு.

ஒப்பாரி ஆரம்பித்தது. பாதி அழுகை, பாதி சிரிப்பு. பழனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கவிதா ஓடிவந்து, "போகாதீங்க, மழை வரும்!" என்று கத்தினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

பழனியம்மா திரும்பவில்லை.

கொடிக்கம்பத்தைத் தாண்டினாள். வேலியைத் தாண்டிப் பாதையில் இறங்கினாள். "ஏய், திரும்பு! திரும்போணும்!" என்று பிள்ளைகள் ஒரே சிரிப்பு. சுமதி ஓடிப்போய்ப் பிடித்தாள். நானும் மூச்சு வாங்கப் பின்னாலேயே போனேன்.

"கூப்பிட்டா திரும்பி வரோணும் சாமி. கேக்கலியா?"

"கேட்டுச்சுங்க மிஸ். ஆனா, எங்க மலையில இந்த வழக்கமில்லீங்க. மூட்டையத் தூக்குனா போயிரோணும். பெரியப்பன் ஊட்ல அப்படித்தான் போனாங்க. மாமன் ஊட்லயும் போனாங்க. ஆருமே திரும்பலீங்க." மூட்டையை இறக்காமலே, "நாங்களும் திங்கக்கெழம போறமுங்க" என்றாள்.

எங்கே? கேரளாவில் ஏதோ எஸ்டேட்டுக்கு. அப்பனும் அம்மாவும் மிளகு பறிக்க, இவள் தம்பியைப் பார்த்துக்கொள்ள. அப்படியானால் பள்ளிக்கூடம்? "தெரியலீங்க."

சுமதி விடுகிற ஆளா? நேராகப் பழனியம்மா வீட்டுக்கே போனோம். அவள் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "புள்ளைய மட்டும் ஹாஸ்டல்ல உடுங்க. நான் பொறுப்புங்க" என்று சுமதி மன்றாடினாள்.

அந்த அம்மா கட்டுவதை நிறுத்தவில்லை. "உங்க மனசு ஆருக்குங்க வரும்? ஆனா கைப்புள்ளைய ஆருங்க பாக்கறது? நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு நின்னாத்தானுங்க அங்க தங்க எடம் குடுப்பாங்க. ஒருத்தி படிக்கோணும்னு எல்லாரும் பட்டினி கெடக்க முடியுங்களா?"

சுமதி குனிந்து சாக்கின் மறுநுனியைப் பிடித்துக்கொடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? சாமையைக் கருக வைத்த வெயிலுக்கு விலாசம் ஏது? இந்த மலைக்காரர்கள் ஒரு காரை ஓட்டிப் புகை விட்டார்களா, ஒரு ஃபேக்டரி கட்டினார்களா? ஆனாலும் ஊரைக் காலி செய்கிற முறை முதலில் வந்தது அவர்களுக்குத்தான்.

இறங்கும்போது, மலைமேல் பஸ் நிற்கிற சோளக்காடு என்ற ஊரில் வேனை நிறுத்திப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தோம். திங்கட்கிழமை பழனியம்மா வீட்டார் பஸ் ஏறப்போவது இங்கேதான் என்று கவிதாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் பழத்தை உரிக்கவே இல்லை.

கார்த்திகை பாதியில் மழை கொட்டித் தீர்த்தது. கருகின சாமைக்கு இனி அதனால் என்ன லாபம்? ஆனாலும் ஊற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். நேற்று சுமதி போன் செய்தாள்.

"புள்ளைங்கல்லாம் நம்ம மழைச்சோறு பலிச்சிருச்சுன்னு குதிக்குதுங்கக்கா. கவிதா மட்டும் எங்கிட்ட வந்து, 'மழை வந்துருச்சு, திரும்பி வான்னு பழனியம்மாவுக்குச் சொல்லி உடலாமா மிஸ்'ங்கறா."

சொல்லி விடலாம்தான்... எந்த எஸ்டேட் என்று யாருக்காவது தெரிந்தால்!